அப்பா கொடுத்த அரிசி

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும். முப்பதுகளின் தொடக்கம். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா வேறொருத்தியோடு அதே தோட்டத்தின் மேல்பிரிவு லயத்து வரிசை வீடொன்றுக்குக் குடிபோய்விட்டார். ஹட்டன் கோர்ட்டில் வழக்குப் போடுவேன் என்று அம்மா குதித்தாள்.

"கோட்டு கச்சேரின்னு அலைஞ்சா தோட்டத்துல ஒன் பேரு வெட்டுப்படும். இங்கயே பேசி முடிச்சுக்கங்க" என்று பெரிய கங்காணி இருவரையும் தம் வீட்டு வாசலுக்கு வரச்சொன்னார். என்னை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேசி முடித்தார்கள். தோட்டத்தில் அரிசி போடும் சனிக்கிழமைதோறும் அப்பா தம் பங்கிலிருந்து எனக்கு இரண்டு கொத்து அளவு அரிசி தர வேண்டும். தோட்டத்து ஆட்களின் பெயரெழுதும் செக்ரோலில் என் பெயரும் ஏறி, நானே சம்பளம் வாங்கும் வரைக்கும்.

அம்மா அவர் முகத்தில் விழிக்க மாட்டாள். ஆகவே பையைச் சுருட்டிக்கொண்டு நான்தான் மலையேறினேன். அப்பா அரிசியை அளந்து போடுவார். ஒரு கோப்பை பாலில்லாத சாயத்தண்ணியும் கடித்துக்கொள்ளக் கருப்பட்டியும் தருவார். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், "கீழயும் மழையா?" என்பார். மேலேயிருந்து கூப்பிட்டால் கீழே கேட்கும் தூரம். அங்கே பெய்தால் இங்கேயும்தான் பெய்யும். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் கேட்டார், நானும் ஊர் கடந்து வந்தவள்போலப் பதில் சொன்னேன். நாங்கள் பேசியதெல்லாம் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த அரிசியை அம்மா தன் அரிசியோடு சேர்க்க மாட்டாள். எனக்கு ஒரு சட்டி, அவளுக்கு ஒரு சட்டி. ரோஷக்காரி. ஒரே அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அவளுடைய சோற்றை அவள் தின்றாள், என்னுடையதை நான் தின்றேன். பசி அடங்கும், ஆனால் அந்த ஒற்றை அறைக் காம்பராவில் நான் விருந்தாளியா வீட்டுப்பிள்ளையா என்பது மட்டும் விளங்காது. தனியாக இருப்பதென்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பெரட்டுக்கு வா. பேரு பதியணும். அந்தாளு அரிசி இனி இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றாள். பத்து வயதானால்தான் பெயர் பதிவார்கள். வயதுக்கு அத்தாட்சி யாரிடம் இருந்தது? செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்து முடிவு செய்வார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக் குள்ளமாக நின்றேன்.

"என்ன புள்ள, இடுப்பு ஒடிஞ்சு போச்சா? நிமிந்து நில்லு" என்றார் கணக்கப்பிள்ளை.

"நல்லா வளந்த புள்ளைங்கய்யா, வேல செய்ய வணங்காம நடிக்குது" என்று அம்மா என் பின்மண்டையில் ஒன்று போட்டாள். களமே சிரித்தது. நிமிர்ந்தேன். பெயர் ஏறிவிட்டது. அன்று இரவு அம்மா ஒரே சட்டியில் சோறு வடித்து, என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் போட்டாள். நான் எவ்வளவோ நாள் ஆசைப்பட்டதுதான். அன்றைக்கு எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும், அம்மாவுக்குத் தெரியாமல் அதே பையை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்து தேயிலைச்செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னையும் பையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஒனக்குத்தான் பேரு பதிஞ்சாச்சுன்னு சொன்னாங்களே. அப்புறம் எதுக்கு புள்ள வந்த?"

அதட்டிக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"கீழ மழை பெய்யுதுப்பா" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "சரி, நனையாமப் போ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.