அய்யாவு தேடிய பாலிசி

குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் அது அய்யாவுக்குத்தான். அடுகோடி என்ற பகுதியில் லாரி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்டர். லேத்திலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, நூலளவு பிசகினாலும் ஒதுக்கிவிடுவார். முதலாளியின் மருமகனே வந்து நின்றாலும் மசியமாட்டார். லேத் ஓட்டுகிறவர்கள் கரித்துக் கொட்டினார்கள், ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட சரக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

2000ஆம் ஆண்டு ஓய்வு பெற்று நீலசந்திரா பகுதியிலிருந்த தன் வீட்டோடு உட்கார்ந்தார். மனைவி எல்லம்மாவுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. ஓய்வு பெற்றவர்களுக்கும் மனைவிக்கும் கம்பெனி ஒரு மருத்துவக் காப்பீடு வைத்திருந்தது. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் அது போதும், நெஞ்சைத் திறக்கவேண்டி வந்தால் காணாது. அதற்கு மேல் இன்னொரு பாலிசி போட்டுவைக்கவேண்டும் என்று அய்யாவுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் தள்ளிப்போட்டார் என்று அவருக்காக வாதாட என்னால் முடியாது.

கூட வேலை பார்த்த ஓஸ்வால்ட் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆகியிருந்தார். அவர் கொண்டுவந்த முதல் பாலிசியில் கண்புரைக்கு ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும். ஒதுக்கினார் அய்யாவு. அடுத்ததில் அறை வாடகைக்கு வரம்பு. இன்னொன்றில், ஒரு தடவை பணம் கேட்டால் மறுவருஷம் புதுப்பிக்க மறுக்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எல்லாமே உண்மையான குறைகள். அதுதான் கொடுமை.

“குரு, ஓட்ட இல்லாத பாலிசி எவன்கிட்டயும் இல்ல. இருக்கறதுல நல்லதா ஒண்ணு போட்டு வை. சீக்குன்னு டாக்டர் சீட்டுல எழுதிட்டா அப்புறம் ஒருத்தனும் தரமாட்டான்” என்றார், அய்யாவுவைக் குரு என்றே கூப்பிடும் ஓஸ்வால்ட்.

“அவசரப்பட்டு ஏமாறச் சொல்றியா?” என்றார் அய்யாவு.

புதிதாகத் தனியார் கம்பெனிகளும் வந்துசேர, படிப்பதற்குக் காகிதம் கூடிக்கொண்டே போனது. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

2003 செப்டம்பரில் ஒருவழியாக ஒன்று தேறியது. ஞாயிற்றுக்கிழமை ஓஸ்வால்ட் விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். தன் பக்கத்தை நிரப்பிவிட்டு, எல்லம்மாவுக்கான கேள்விகளை அய்யாவு உரக்கப் படித்தார். அவள் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ரத்தக் கொதிப்பு?”

“இல்ல.”

“சக்கர?”

“இல்ல.”

“நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது?”

எல்லம்மா உரித்த பூண்டைக் கீழே வைத்தாள். அய்யாவு நிமிர்ந்து பார்த்தார்.

“இருக்குது” என்றாள். “பொங்கல்லேந்து. மேடு ஏறினா எடது கை வரைக்கும் இழுக்குது. நின்னா போயிடுது.”

ஓஸ்வால்ட்தான் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“டாக்டர்கிட்ட இன்னும் காட்டலியே? இல்லன்னு போட்டுடலாமா?”

“போட்டா? நாளைக்கு ஆஸ்பத்திரில கேப்பான், இவ உள்ளத சொல்லுவா. அதோட பாலிசி செல்லாது” என்று சொல்லி, அய்யாவு ‘ஆம்’ என்று எழுதினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “எட்டு மாசமா எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“டாக்டர் எழுதிட்டா பாலிசி கெடைக்காதுன்னு ஓஸ்வால்ட் அண்ணன் சொன்னாரில்ல. நீயும் அல்லாடி அல்லாடித் தேடிக்கினு இருந்தே. அது கைக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்யா. இப்ப நீயே கேட்டுட்ட. உன் மூஞ்சியப் பாத்து பொய் சொல்ல வரல.”

மறுநாள் காலையிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு என்றார்கள். அவளுக்குப் பாலிசி தர முடியாது என்ற கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது, ஆனால் அது வருமுன்பே அய்யாவு அதை மறந்துபோயிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, “இவ்வளவு நாள் ஏன் காட்டாம விட்டீங்க?” என்று கேட்டார்.

அய்யாவு வாயைத் திறப்பதற்குள் எல்லம்மா முந்திக்கொண்டாள். “இவருக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். வீட்ல வேல ஜாஸ்தி, நான்தான் வரல.”

டாக்டர் முன்னாலேயே அய்யாவு வாய்விட்டு அழுதுவிட்டார்.