தெற்குப் பாத்தியின் புதன்கிழமை

இரவு ஷிப்ட் வாரங்களில் மாதேஷுக்குத் தூக்கம் என்பது ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே பஸ்ஸில் கிடைப்பதுதான். ஏறி உட்கார்ந்ததும் கண் சொருகும், காதில் மனைவி சௌமியாவின் குரல் ஓடும். பனி மூடிய தோட்டத்தில் நடந்துகொண்டே விடியலுக்கு முன்பு அவள் போனில் பேசி அனுப்பியவை. எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட்டாள், எதில் பூ வந்தது, எதில் இலைப்பேன் விழுந்தது. ஈரக் கையால் யார் எழுதுவது என்பாள். எழுதுகிற வேலை மாதேஷுடையது. ஓசூர்க் கம்பெனியில் டீ டைமில் கேட்டு, உடனே போனில் கணக்கேற்றிவிடுவான். இவ்வளவு ஒழுங்கான ஆளை எங்கள் ஊர் கண்டதில்லை. செருப்பைக்கூட அளவெடுத்துத்தான் கழற்றி விடுவான்.

அந்தக் கணக்கை நம்பித்தான் பெங்களூர்க் காய்கறிக் கம்பெனி ஒன்று அவர்களுடைய குடைமிளகாயை வாங்கச் சம்மதித்தது. மருந்தடித்து மூன்று நாள் போன பிறகே பறிக்க வேண்டும், தேதி எழுத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். முதல் லோடு சரியாகப் போனால் வருஷம் முழுக்க எடுப்பார்கள். மாதேஷ் கம்பெனி வேலையை விட்டுவிடலாம். பஸ் ஜன்னலில் தலை சாய்த்து அவன் காண்கிற கனவு அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமையும் அரைத்தூக்கத்தில் அவளுடைய பழைய பேச்சு ஒன்றைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தான். மற்றவர்கள் பாட்டு கேட்பார்கள், இவனுக்கு இதுதான்.

“தெற்குப் பாத்திக்கு மருந்தடிக்கப் போறேங்க. புதன்கிழமை ஆயிடுச்சு, இன்னிக்காவது வந்ததும் தூங்குங்க.”

கண் திறந்துகொண்டது. கணக்கில் செவ்வாய் என்று இருந்தது. நள்ளிரவு தாண்டினாலும் ஷிப்ட் முடியும் வரை கம்பெனியில் முந்தின நாள் தேதிதான். தூக்கக் கலக்கத்தில் தோட்டத்துக்கும் அதையே போட்டிருக்கிறான். மூன்று நாள் நாளைக்குத்தான் முடிகிறது. இன்று பறிக்கச் சொன்னவனும் அவனேதான்.

வீடு வந்தபோது முதல் லோடுக்கான காய் கிரேட்டுகளில் நிறைந்திருந்தது. நின்றபடியே சொல்லிவிட்டான். சௌமியா ஒரு கிரேட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாளில் என்ன ஆகிவிடும், கணக்கில் சரியாகத்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டாள். அவனுக்கும் அதே ஆசைதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனாள். அந்தக் காயிலேயே அவனுக்குப் பொரியல் செய்து வைத்திருந்தாள். சட்டியைத் தூக்கி வந்து எருக்குழியில் கவிழ்த்தாள்.

“உங்களுக்குப் போட மனசு வரல. அவங்களுக்கு மட்டும் எப்படிங்க அனுப்பறது? புதன்கிழமைன்னே எழுதுங்க.”

பெங்களூர்க் கம்பெனிக்கும் அவளே போன் போட்டாள். லோடு ஏற்ற வரவிருந்த வண்டி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. உங்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். இருவரும் கிரேட்டுகளைக் குழியில் கொட்டினார்கள்.

சாயங்காலம் மாதேஷ் மறுபடி ஷிப்ட்டுக்குக் கிளம்பினான். பஸ்ஸைக் கண்டதும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழறத நாளைக்கு வந்து அழலாம், பஸ் போயிடும், ஏறுங்க” என்றாள் சௌமியா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.