எட்டாம் நோன்பு

மன்சூரா ஊர் இன்சாஃபின் வயிற்றுப் பிள்ளைக்கு இன்றோடு ஒன்பது வாரம். இதற்கு முன் உண்டான மூன்றும் ஒன்பதாம் வாரத்தைத் தாண்டவில்லை. நாலாவதாக ஒன்று இருப்பது அவளுக்கும் புருஷன் ரிஃபாத்துக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

கீழ்வீட்டில் இருக்கும் மாமியார் தவ்ஹீதாவுக்குத் தெரியாது. தவ்ஹீதா நல்லவள், அதுதான் வம்பு. போன தடவை செய்தி காதில் விழுந்ததுமே மாடி மாடியாக ஏறி எல்லா வீட்டுக்கும் சர்பத் கொடுத்துவிட்டு வந்தாள். எட்டு நாளில் எல்லாம் கலைந்தது. கண் பட்டுவிட்டது என்று இன்சாஃப் முடிவு கட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்தான் அவள். பயம் வந்தபின் படிப்பு எந்த மூலைக்கு?

இந்த நேரம் பார்த்து ரமலான் வந்து நின்றது. "தினம் வயித்துல ஊசி போடணும், தண்ணி நிறையக் குடிக்கணும், இல்லேன்னா ரத்தம் கட்டிக்கும். நோன்பு கூடவே கூடாது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். உடம்பு சரியில்லை என்றால் மாமி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் இன்சாஃப் மாமியிடம் மாதவிலக்கு என்று சொல்லிவிட்டாள். விலக்கானவளுக்கு நோன்பு இல்லை, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மாமிக்கோ ஒரே கொண்டாட்டம்.

"வாடி, நீ சும்மாதானே இருக்கே, உப்பு பாரு. என் நாக்குக்குப் பொழுது சாஞ்சு மக்ரிப் ஆகிற வரைக்கும் பூட்டு."

ஏழு நாளும் உப்புப் பார்த்தாள். ஏழாம் நாள் சாயங்காலம் மாமி அவள் முகத்துக்கு நேராக விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"ஏழு ஆச்சு. நாளைக்கு விடியுமுன்னே சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பட்டுமா?"

இன்சாஃப் உப்புப் பார்த்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எழுப்புங்க மாமி" என்றாள். மாடியில் தன் வீட்டில் ரகசியமாகத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

கணக்கு பிசகியது. மறுநாள் காலையிலேயே மாமி அவளைக் கீழே பிடித்து உட்கார வைத்துவிட்டாள். விருந்தாளிகள் வருகிறார்கள், ஒரு அண்டா திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்ட வேண்டும். நாக்கு வறண்டது. மத்தியானம் அடிவயிற்றில் சுரீர் என்று இழுத்தது. அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். மூன்று முறை வந்திருக்கிறது.

குளியலறைக்கு ஓடினாள். பார்த்தாள். ரத்தம் இல்லை. மறுபடி பார்த்தாள், இல்லை. குழாயைத் திறந்து இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள்.

"என்னடி இவ்வளவு நேரம்? உள்ள என்ன பண்றே?" மாமி கதவருகே நின்றாள்.

இன்சாஃப் கதவைத் திறந்தாள். மோவாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போய்ப் படுக்க வேண்டும், இன்னும் குடிக்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

"மாமி, மறுபடி ரத்தம் வந்துடுச்சு."

எந்த வார்த்தையை நினைக்கவே பயந்தாளோ அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

தவ்ஹீதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஏழு நாளும் பொய் சொல்றேன்னு நெனச்சேன்டி. உண்டாகியிருக்கே, என் வாய்க்குப் பயந்து ஒளிக்கிறேன்னு நெனச்சேன். நேத்து வெரல மடக்கினது நீ வாயத் தொறப்பியான்னுதான். யார்கிட்டயும் மூச்சு விடல. நான், இந்த தவ்ஹீதா! இன்னிக்கு நீ நோன்புன்னு உக்காந்ததுமே பாதி ஆச போச்சு. இப்ப முழுசும் போச்சு."

தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடி. போய்ப் படு."

இன்சாஃபுக்கு, இருக்கு மாமி, இருக்கு என்று காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. பயம் விடவில்லை.

தம்ளரை ஒரு கையால் பிடித்துக் குடித்தாள். இன்னொரு கையை வயிற்றின்மேல் அழுத்தி வைத்தாள். அம்மா சொன்னது பொய், நீ காதில் போட்டுக்கொள்ளாதே என்று உள்ளே இருப்பதிடம் மன்றாடினாள்.