முதலில் ராஜா குதிக்கட்டும்

மகளிர் தின விழாவில் மேடையேற்றப் பெருமைக்குரிய பெண்கள் வேண்டும் என்று, மலையாள ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஃபோன் செய்தார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சங்கத்தையும் வங்கி மாதிரியே நடத்துகிறவர்.

"நீங்கோ எழுதறவா. இலக்கியம், சரித்திரம், மதம், மூணுலேர்ந்தும் பெரிய ஸ்த்ரீகளா எடுத்து, ஆளுக்கு ரெண்டு வரி எழுதினா மதி, போறும். வேஷம் போட்டுண்டு வந்து சொல்லிட்டுப் போயிடுவா. கௌரவமா இருக்கணும், கேட்டேளா?"

கௌரவமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியதும் எரிச்சல் வந்தது. யாரை எடுத்தாலும் ஒரே கதை. ஒருத்தி தீக்குள் இறங்குகிறாள். ஒருத்தி கல்லாகிக் கிடக்கிறாள். பக்தி செய்தவளோ, உடம்பை உதிர்த்து எலும்புக்கூடான பிறகுதான் பெரியவர்கள் அவள் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டார்கள். சரி, சரித்திரத்துக்குப் போவோம் என்று பார்த்தால், அங்கே ராணியின் கைக்கு வாள் வருவதற்கு முதலில் ராஜா சாக வேண்டியிருக்கிறது. உருப்படியாகக் கோபப்பட்டவள் மதுரையை எரித்தவள் ஒருத்திதான். அவளுக்கு எங்கள் ஊரில் வருஷா வருஷம் ரோடு முழுக்கச் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்காலை வைக்கிறோம். ஊரை எரித்தவளுக்கே சமையல்தான் மரியாதை.

ஒத்திகை ஆரியசாலைக் கடைத்தெருவில், ஓர் அக்கா வீட்டு மாடியில் நடந்தது. கீழே அவர்களுடைய மொத்த வியாபாரக் கடை. வெல்லம், புளி, வற்றல் மிளகாய். மிளகாய் மூட்டை பிரிக்கிற நேரமாகப் பார்த்து ஒத்திகை வைத்ததால் தெய்வப் பெண்கள் எல்லாரும் தும்மிக்கொண்டே வசனம் பேசினார்கள்.

வேஷம் பிரிப்பதில் அடிதடி. ராணி வேஷத்துக்குப் பட்டுப்புடவையும் வாளும் உண்டு என்பதால் அதற்கு நாலைந்து பேர். மதுரைக்காரியை, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரிகர்சலே வேண்டாம். எங்க மேனேஜரை நெனச்சா மதி" என்றாள். முழங்கால் வலிக்கார டீச்சர் ஒருவர் கல்லாகக் கிடக்க முன்வந்தார். தீக்குள் இறங்கும் மகாராணியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அக்கா எங்களுக்குக் காப்பி போட அடுக்களைக்குப் போயிருந்தார். எல்லாருமாகச் சேர்ந்து அவர் தலையில் அந்த வேஷத்தைக் கட்டிவிட்டோம். காப்பி போடப் போனவளுக்குத் தீ. நான் சொன்னேனே, எப்போதும் ஒரே கதைதான்.

அவருக்கு ராஜாவாக நிற்க வேறு ஆண் கிடைக்காததால் சொந்தக் கணவரையே பிடித்தோம். அண்ணாச்சிக்கு மேடை பயம். ஆனால் கிரீடம் உண்டு என்றதும் சம்மதித்துவிட்டார்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் அக்கா எங்கே போய்விட்டு வந்தாலும் கடை வாசலிலேயே நிறுத்தி, "எங்க போன? யாரு கூட?" என்று கேட்பார். கோயிலுக்குப் போனாலும் அதே கேள்வி, பல் டாக்டரிடம் போனாலும் அதே கேள்வி. சிலருக்குத் தொண்டையில் செருமல் இருப்பது போல இவருக்கு இந்தக் கேள்வி. கடைப் பையன்கள், சரக்கு இறக்குகிறவர்கள், வாங்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும் அக்கா நின்று பதில் சொல்லிவிட்டு மாடியேறுவதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் அக்கா கார் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தார். அதனால் கேள்வி தினமும் வந்தது.

ஒத்திகையில் அக்கா என்னிடம் கேட்டார்: "இந்த மகாராணி தனியா இருந்தா, செரி. டெஸ்ட் வச்சாச்சு. அந்த ராஜாவும் அத்தன நாளு தனியாத்தான இருந்தாரு? அவருக்கு டெஸ்ட் ஒண்ணும் இல்லியா?"

"இல்லக்கா."

"எழுதுனவங்க மறந்துட்டாங்களோ?"

"மறக்கலக்கா. எழுதுனதே அவங்க ஆளு."

அக்கா சிரித்துவிட்டு, நான் எழுதிக் கொடுத்த கௌரவமான வசனத்தை மனப்பாடம் செய்யப் போனார்.

விழா அன்று காலையில்தான் அவருக்கு டிரைவிங் டெஸ்ட். மைதானத்தில் கம்பி நட்டு, அதற்குள் காரை 'எச்' எழுத்து வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பி விழுந்தால் ஆள் தோல்வி. வெயிலில் வரிசை நின்று முடித்து, மண்டபத்துக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. முகமெல்லாம் சிவந்து, கையில் லட்டு டப்பாவோடு ஒப்பனை அறைக்குள் நுழைந்தார். அங்கே அண்ணாச்சி ரோஸ் பவுடரும் மீசையுமாக, தலையில் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு நேரம் எங்க போன? யாரு கூட?"

வேஷம் போட்ட அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எங்கே போனார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். அக்கா டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனார்.

எங்கள் தீ ஒரு டேபிள் ஃபேன். அதை மல்லாந்து படுக்க வைத்து, சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடித்தாள் கீற்றுகள் கட்டி, முன்னால் அட்டையில் விறகு வரைந்து மறைத்திருந்தோம். திரை விலகியது. ஃபேன் சுற்ற, தீ நன்றாகவே எரிந்தது. ராஜா முகத்தைத் திருப்பி நின்றார். அக்கா மெல்ல நடந்து வந்து, தீ முன்னால் கை கூப்பினார். "என் தூய்மையை இந்த அக்கினி சொல்லட்டும்" என்று அடுத்து சொல்ல வேண்டும். அவர் கூப்பிய கையை இறக்கினார்.

"நீங்க முன்ன போங்க. நான் பின்னால வாறேன்."

அண்ணாச்சிக்கு வசனம் தப்பியது புரிந்தது. திரைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"எப்பவும் நீங்கதான முன்ன போவீங்க?" அக்காவின் குரல் உயரவில்லை. "நானும் தனியாத்தான் இருந்தேன், நீங்களும் தனியாத்தான் இருந்தீங்க. போங்க."

கூட்டத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அப்படியே கைத்தட்டலாக மாறியது. "சாடு ராஜாவே!" என்று யாரோ மலையாளத்தில் குதிக்கச் சொல்லிக் கத்தினார்கள். செயலாளர் என் காதருகே, "திரையை இழுக்கச் சொல்லுங்கோ! திரை!" என்று பதறினார். திரைக்கயிற்றைப் பிடித்திருந்தது மதுரையை எரிக்க வேண்டிய பெண். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கயிற்றை விட்டுவிட்டு.

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சரிகை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரே தாவலாகத் தீயைத் தாண்டினார். கிரீடம் கழன்று ஃபேன் மேல் விழுந்து கடகடவென்று ஆடியது. அந்தப் பக்கம் போய் நின்றவர், மூச்சு வாங்கிக்கொண்டு, மைக் இருப்பதை மறந்து சொன்னார்: "நீ சாட வேண்டாம் கேட்டியா. சேல ஃபேன்ல மாட்டிக்கிடும்."

மண்டபம் இடிந்து விழாத குறை. அக்கா தீயைச் சுற்றி நடந்து போய், ராஜாவுக்காகப் போட்டிருந்த சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் தாளை யாரும் மதிக்கவில்லை. கல்லாகக் கிடந்த டீச்சர், யாருடைய காலும் பட வருவதற்கு முன்பே, "முட்டு வலிக்குது, நானே எழும்பிக்கிடுதேன்" என்று எழுந்து போனார். ராணி, தன் ராஜா சாகவில்லை, பெட்டிக்கடைக்குப் போயிருக்கிறார் என்று அறிவித்துவிட்டு வாளைச் சுழற்றினாள்.

செயலாளர் என்னை ஓரமாக நிறுத்திக் கேட்டார்: "இலக்கியம், சரித்திரம், மதம், மூணையும் ஒரே சாயங்காலத்துல ஒழிச்சுட்டேளே! இதெல்லாம் நீங்கோ எழுதினதா?"

இல்லை என்பதுதான் என் வருத்தமே. அன்றைய நல்ல வரி ஒன்றுகூட என்னுடையது இல்லை.

ஒப்பனை அறையில் அண்ணாச்சி மீசையைப் பிய்க்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா கண்ணாடி முன் பூவை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கேட்டார்:

"எச்சு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"கம்பி ஒண்ணும் விழலியே?"

"ஒண்ணும் விழல."

அண்ணாச்சி எழுந்து வந்து லட்டு டப்பாவைத் திறந்தார். முதல் லட்டை அக்காவிடம் நீட்டினார். அக்கா உடனே வாங்கவில்லை. அவர் கை அந்தரத்தில் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டு, பிறகு வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும்போது அக்காதான் கார் ஓட்டினார். நான் பின் சீட்டில். பவுடர் கலையாத ராஜா முன் சீட்டில், கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி. கிழக்கேகோட்டை சிக்னலில் வண்டி நின்றுபோனது. பின்னால் பஸ்ஸும் ஆட்டோக்களும் ஹார்ன் அடித்தன. அண்ணாச்சி வாயைத் திறந்து, "கிளச்சு..." என்றார். அக்கா திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று ராஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து ஆட்டோவில் இருந்த குழந்தை அவர் மீசையைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

கேள்வி அடியோடு நின்றுவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். "யாரு கூட" மட்டும்தான் உதிர்ந்தது. இப்போதும் அக்கா காரை எடுக்கும்போது கடை வாசலில் நிறுத்தி, "எங்க போற?" என்று கேட்கிறார். அக்கா சொல்லும் இடம் தன் வழியில் இருந்தால் அண்ணாச்சியும் காரில் ஏறிக்கொள்கிறார்.