மதினி ஒட்டவைத்த தண்டவாளம்

ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு ஜாக்கெட் ஒன்று கருவேல முள்ளில் தொங்கிக்கொண்டிருந்ததுதான் முதலில் என் கண்ணில் பட்டது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். தண்டவாளத்தில் வேலை செய்கிற எவரும் அந்த ஜாக்கெட் இல்லாமல் நிற்கக் கூடாது. தூரத்தில் வருகிற ரயிலின் ஓட்டுநருக்கு அங்கே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது அது. எந்த மகராசி கழற்றிப் போட்டாள் என்று தேடினால், ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாவகாசமாக வந்தாள் என் மதினி. என் அண்ணனின் மனைவி. அன்றுதான் அவளுக்கு எங்கள் வேலையில் முதல் நாள். சேர்த்துவிட்டவள் நான். எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறிவிட்டது.

“என்ன மதினி, ஜாக்கெட்ட ஏன் கழட்டுனீக? ரயிலு வந்து அடிச்சுட்டுப் போனா யாரு பதில் சொல்லுறது?”

“ஏ புள்ள, இது பாலியஸ்டர்ல்லா! தேச்சுப் பாரு, சடசடங்குது. இதப் போட்டுக்கிட்டுப் போனா எங்க போர்மேன் கேட்டுக்குள்ளயே விடமாட்டாரே!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தின் நடுவில் சிரிப்பு வந்தால் இன்னும் கோபம் வரும் எனக்கு. மதினி அதுவரை வேலை பார்த்தது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில். அங்கே நைலான், பாலியஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. துணி உரசி ஒரு பொறி பறந்தால் போதும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கொலுசு கூடாது, ஹேர்பின் கூடாது. கையில் இருப்பதைக் கீழே போடக் கூடாது, இழுக்கக் கூடாது. இத்தனை ‘கூடாது’களோடு பாதி வாழ்நாளைக் கழித்த ஒருத்தியை, இரும்பின் மேல் இரும்பை வைத்து நாள் முழுக்க அடிக்கிற இடத்துக்கு நான் கூட்டி வந்திருந்தேன்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் ‘தண்டவாளத்தை மின்சாரத்துக்காக ஒன்றோடொன்று சேர்க்கிற வேலை’ என்று சொன்னால், “ஏன், இப்ப பிரிஞ்சா கெடக்கு?” என்றுதான் கேட்பார்கள். பிரிந்துதான் கிடக்கிறது. ஒரு தண்டவாளமும் அடுத்ததும் சந்திக்கிற இடத்தில் சின்ன இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். ரயில் ஓட அது போதும், மின்சாரம் ஓடப் போதாது. மேலே கம்பியில் வருகிற மின்சாரம் என்ஜினை ஓட்டிவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, அதன் வழியாகத்தான் வந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நடுவில் துரு இருந்தால் அது நின்றுவிடும், இல்லையென்றால் போகக் கூடாத வழியில் போகும். அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஒரு செம்புக் கயிற்றைப் பிணைக்க வேண்டும். எங்கள் ஊர் வழியாக மின்சார ரயில் விடுவதற்கு முன்னால் இந்த வேலை நடந்தபோது, டிப்ளமா படித்திருந்த நான் ஒரு சின்ன காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். பக்கத்து ஊர்ப் பெண்களைத்தான் வேலைக்குச் சேர்த்திருந்தோம்.

அண்ணனும் அதே பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறையில் இருந்தான். சாயங்காலம் வீடு திரும்பும்போது அலுமினியப் பொடி அப்பி முகம், கை எல்லாம் வெள்ளி பூசினாற்போல் மினுமினுக்கும். மதினி குழாயடியில் அவனை உட்காரவைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். “எங்கண்ணன் வெள்ளி விலைக்குப் போயிரும் மதினி, பத்திரமா வச்சுக்கிடுங்க” என்று நான் கேலி செய்வேன். பிறகு ஒரு நாள் அந்த அறை வெடித்தது. அண்ணன் போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

அதற்குப் பிறகும் மதினி அதே கம்பெனியில் வெடிக்கான காகிதக் குழாய் சுற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வேறு வழி? ஆனால் வீட்டில் தீபாவளிக்குக்கூட ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்தவில்லை. ஊரெல்லாம் வெடிக்கிற அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். ஒரே மகள் பிளஸ் டூ முடித்ததும், தன் வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து நின்றாள். “எம்மவள என் இடத்துக்கு அனுப்புன்னு போர்மேன் கேட்டு விடுறாரு. சீசன் நேரம்கிறாரு. அவ மருந்து வாடையே மோக்கக் கூடாது. நீ பாக்குற எடத்துல எனக்கு ஒரு வேலை குடு. கல்லு சொமக்கச் சொல்லு, சொமக்கேன். நான் ஒரு எடத்துல நின்னுட்டா அவ நர்சிங் போயிருவா” என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் மதினி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே, அவளுடைய மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு.

“அம்மா ஒரு வாரம் தாங்காது அத்தே. சம்மட்டிச் சத்தம் கேட்டா நெஞ்சப் புடிச்சுக்கிடுதாம், அதுவே சொல்லுச்சு. எத்தன நாளைக்கி இப்பிடி நடுங்கிக்கிட்டுப் போகும்? திங்கக்கெழமையில இருந்து நான் வாரேன்னு கம்பெனி வேன்காரண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். அம்மாகிட்டச் சொல்லிராதீக.”

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பெண் சொன்னதிலும் பொய்யில்லை. சம்மட்டி விழும் ஒவ்வொரு தடவையும் மதினியின் தோள் தூக்கிப் போடும். கடப்பாரையை யாராவது தொப்பென்று கீழே போட்டால், எங்கிருந்தாலும் பத்தடி பின்னால் போய் நிற்பாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். முகம் மட்டும் வெளுத்திருக்கும். சேலைக்கு மேல் ஒரு பருத்திச் சட்டையும் அதற்கு மேல் ஜாக்கெட்டும் போடப் பழகிவிட்டாள், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சனிக்கிழமை வந்தது. அதுவரை ஜல்லி விலக்குவதும், துரு தட்டித் தேய்ப்பதுமாக இருந்த வேலையில் அன்றுதான் செம்புக் கயிற்றைப் பிணைப்பது தொடங்குகிறது. எங்கள் பகுதியில் அதைப் பற்றவைத்து ஒட்டுகிற முறை. கரித்துண்டைக் குடைந்தாற்போல் ஓர் அச்சு இருக்கும். அதைத் தண்டவாளத்தோடு சேர்த்துக் கவ்வவைத்து, மேல்வாயில் ஒரு பொடியைக் கொட்டித் தீ வைத்தால், கண்ணைப் பறிக்கிற ஒளியோடு எரிந்து, பொடி உருகிச் செம்பாக இறங்கி, கயிற்றையும் தண்டவாளத்தையும் ஒன்றாக்கிவிடும். என்ஜினீயர் சார் பொட்டலத்தைப் பிரித்ததும் மதினி எட்டிப் பார்த்தாள். பொடியின் அடியில் வெள்ளியாய் மினுங்கியது.

“ஆத்தாடி! இது அலுமினியப் பொடில்லா. இது மருந்துல்லா!” என்றாள். அவள் குரல் அவள் குரலாக இல்லை. “இங்கயுமா?”

இதை முன்கூட்டியே அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் ரயில் வராத இடைவேளை தொடங்கப்போகிறதென்று போன் வந்தது. நானும் என்ஜினீயரும் கொடி பிடிக்கிறவரிடம் பேசப் போனோம். திரும்பி வந்தபோது மதினி பெண்களையெல்லாம் தூரத்துப் பனைமரத்தடிக்கு விரட்டியிருந்தாள். வெல்டரும் அச்சைக் கவ்வவைத்துவிட்டுத் தயாராக இருந்தார். அவர் கொளுத்தினார்.

சீராக எரிய வேண்டியது, படாரென்று சீறித் துப்பியது. உருகிய செம்பு நாலாபக்கமும் தெறித்தது. ஒரு துளி என் ஜாக்கெட்டில் விழுந்து ஓட்டை போட்டது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. புகை அடங்கியதும் அச்சைத் திறந்தால், பணியாரம் மாதிரி துளைத் துளையாய் ஒரு செம்புக் கட்டி. சுத்தியலால் ஒரு தட்டு, கயிறு கையோடு வந்துவிட்டது.

என்ஜினீயர் அச்சைத் தடவிப் பார்த்தார். உள்ளே ஈரம். அடியில் நனைத்த சாக்கு. “யார் இதுல தண்ணி விட்டது?” என்று கத்தினார்.

“நாந்தான் சார்” என்று மதினி முன்னால் வந்தாள். ஒளிக்கவுமில்லை, மழுப்பவுமில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து இருக்கிற இடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். வாசலில் நனைத்த சாக்கு கிடக்கும். ஈரம் இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது அவர்களுக்குப் பழகிப்போன பாடம். எங்கள் எல்லோரையும் காப்பாற்றத்தான் அவள், வெல்டர் கயிறு எடுக்கப் போயிருந்த நேரத்தில், அந்த அச்சை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, அடியில் சாக்கும் போட்டிருக்கிறாள். அதுவே எங்களைச் சுடப் பார்த்தது. ஈரத்தின் மேல் உருகிய செம்பு விழுந்தால், நீர் ஒரு நொடியில் ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கி எறியும்.

திருச்சிப் பக்கத்து மனிதர் என்ஜினீயர், கெட்டவரில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தீயைக் கண்டா இவ்வளவு பயப்படுறவங்களை வச்சுக்கிட்டு நான் இந்த வேலையை முடிக்க முடியாதும்மா. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்” என்றார்.

திங்கட்கிழமை! என் காதில் வேனின் ஹாரன் சத்தம்தான் கேட்டது. ‘சார், சார்’ என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். மதினி என்னைக் கையமர்த்தினாள்.

“சார், எனக்குப் பயந்தான். இல்லங்கல. எம் புருஷன் இதுலதான் போனாரு. ஆனா அங்க ஒண்ணுக்குப் பயப்படச் சொன்னாக, இங்க வேற ஒண்ணுக்குப் பயப்படணும்னு யாரும் சொல்லலியே. எதுக்குப் பயப்படணும்னு சொல்லிக் குடுங்க. அதுக்கு மட்டும் பயப்படுதேன்.”

அவர் குனிந்து அடுத்த அச்சை எடுத்து, ஈரம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும், காஸ் பர்னரின் தீயால் எப்படிக் காயவைக்க வேண்டும், கொளுத்திய பிறகு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். மதினி குறுக்குக் கேள்வியாய்க் கேட்டுத் தள்ளினாள். ராத்திரிப் பனி பட்டிருந்தால்? வியர்வைக் கை பட்டால்? கயிற்றின் புரிக்குள் ஈரம் இருந்தால் வெளியே தெரியாதே? என்ஜினீயரே ஒரு கட்டத்தில், “அதையும் காயவைக்கணும், சரிதான்” என்றார்.

“கொளுத்துறதும் நானே கொளுத்துதேன் சார்.”

“மதினி, வேணாம்” என்றேன் நான்.

“நீ சும்மா இரு புள்ள. வெளிய நின்னு பாத்தா பயம் கூடத்தான் செய்யும்.”

வெல்டர் தன் கருப்புக் கண்ணாடியையும் கனத்த கோட்டையும் கழற்றிக் கொடுத்தார். கோட்டை விரலால் உரசிப் பார்த்து, “இது சுத்தப் பருத்தி” என்று திருப்தியாகத் தலையாட்டிப் போட்டுக்கொண்டாள். அச்சையும் தண்டவாளத்தையும் கயிற்றையும் காயவைத்தாள். காய்ந்த பிறகும் காயவைத்தாள். பொடியைக் கொட்டும்போது ஒரு குருணைகூட வெளியே சிந்தவில்லை. “இருக்கன்குடி ஆத்தா, நீதான் கூட நிக்கணும்” என்றாள். எனக்குத் தெரிந்து அண்ணன் போன பிறகு அவள் சாமியைக் கூப்பிட்டது அன்றுதான். பொறி தட்டினாள்.

வெள்ளையாய் ஓர் ஒளி. ஒரு மூச்சு நேரம்தான். நான் மதினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடவில்லை. கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஒளியைப் பார்த்தபடியே நின்றாள். புகை மேலே வந்து முகத்தில் அப்பியது. அப்புறம் எல்லாம் அடங்கி, எங்கோ ஒரு மயில் அகவுவது கேட்டது. அச்சைத் திறந்தபோது செம்பு ஒரே கட்டியாய், வழவழப்பாய்த் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்ஜினீயர் சுத்தியலால் ஓங்கி அடித்தார். அசையவில்லை. வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்குத் தூக்கிப் போட்ட மதினி சொன்னாள்: “இன்னொருக்கா அடிங்க சார்.” அடித்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். மின்சாரம் தங்குதடையில்லாமல் போகிறது. “அடுத்த ஜாயிண்டுக்கு அச்சைக் காயவைங்கம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை ஆட்களுக்கு முன்னால், சூப்பர்வைசர் என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல் அழுதேன்.

இப்போது அந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது. சிவகாசியில் ஏறி உட்கார்ந்தால் விருதுநகர் போய்ச் சேருவது தெரியவில்லை. சக்கரம் ஒவ்வொரு சந்திப்பைத் தாண்டும்போதும் வரும் சத்தத்தைக் கேட்கிறவர்கள் உண்டோ என்னவோ, நான் கேட்பேன். மதினி இன்று இன்னொரு பாதையில் பற்றவைக்கிற குழுவுக்குத் தலைவி. அவளிடம் அச்சில் ஒரு சொட்டு ஈரத்தோடு போய் நிற்க எவருக்கும் தைரியம் கிடையாது. அவள் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் நினைக்கும்போது, எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலம்தான்.

பஸ்ஸில் வரும்போதே மதினிக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு போனது. என் ஜாக்கெட் ஓட்டையில் விரலை விட்டு, “பாலியஸ்டரு உருகிருச்சு, பாத்தியா?” என்று கேலி வேறு. முகம் முழுக்கக் கரியும் சாம்பலும். கழுவ வேண்டும் என்றே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது மகள் குழாயடியில் நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் குடம் கையை விட்டுப் போயிற்று. “அம்மா!” என்று அவள் போட்ட அலறலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கரி படிந்த முகத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். ஓடி வந்து தாயின் கை, கழுத்து, முகமெல்லாம் தடவித் தடவிக் காயத்தைத் தேடினாள் அந்தப் பெண்.

மதினி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, அழாத. வெடிக்கலட்டி. ஒட்டிக்கிடுச்சு.”

திங்கட்கிழமை காலை மதினியைக் கூட்டிப் போக நான் வந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் கம்பெனி வேன் நின்று ஹாரன் அடித்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். மகள் வாசலுக்கு வந்தாள், தலைகூட வாரியிருக்கவில்லை. உள்ளே மதினி தூக்குச்சட்டியில் சோற்றை அழுத்துகிற சத்தம் கேட்டது.

“நான் வரலண்ணே” என்றாள் அந்தப் பெண், தெருவே கேட்கும்படி. “எங்கம்மா வேலைக்குப் போகுது.”