வானிலையின் ஈரத்துண்டு

வாடிக்கையாளரின் கன்னத்தில் பூசிய சோப்பு நுரை காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிட்டது. சலூன்காரருக்கு அந்தக் கவலையே இல்லை. ஜன்னலோரம் நின்று, பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை பைப் புகையிலையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கி விட்டு, அது எப்படிப் பிரிகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்.

“உருண்டையா ஒட்டிக்கிட்டா ஈரம் ஜாஸ்தி. தூளா உதிர்ந்தா காஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அமுக்கினா அமுங்கணும், விட்டா சோம்பேறி மாதிரி மெதுவா எந்திரிக்கணும்.”

“நானும் அப்படியே எந்திரிச்சு வீட்டுக்குப் போகட்டுமா?” என்கிறது நாற்காலியிலிருந்த முகம்.

தெருவில் அவருக்கு ‘வானிலை’ என்று பெயர். காலையில் கடையைத் திறந்ததும் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, “இன்னைக்குக் காத்து வறட்சி, டப்பா மூடியை இறுக்கணும்” என்றோ, “ஈரக்காத்து, கொஞ்சம் திறந்து வைக்கலாம்” என்றோ அறிவிப்பார். முடி வெட்ட வந்தவருக்கு இதனால் காலணா பிரயோசனம் கிடையாது. ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். கத்தி அவர் கையில் அல்லவா இருக்கிறது.

கடைக்குள் புகைப்பதில்லை, அதில் மட்டும் சுத்தம். பின்கதவுப் படியில் உட்கார்ந்துதான் பைப்பைப் பற்ற வைப்பார். மற்ற பாவங்கள் எல்லாம் கடைக்குள்ளேயே நடக்கும். சவரத்துக்கு முன் முகத்தில் போர்த்துகிற துண்டு இருக்கிறதே, அதில் ஒன்றைப் பிழிந்து புகையிலைக் கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டிவிடுவார். துணி புகையிலையைத் தொடக்கூடாது, ஈரம் காற்றாக மட்டும் இறங்கவேண்டும், மணிக்கொரு தரம் கிளறிவிடவேண்டும் என்பது அவருடைய சட்டம். புகையிலைக்கு வேறு துண்டு, முகத்துக்கு வேறு துண்டு என்று சத்தியம் செய்வார். இரண்டும் ஒரே கொடியில்தான் தொங்கும்.

ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சவரம் செய்துகொண்டு வீட்டுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். “சிகரெட்டைக் கையால கூடத் தொட்டதில்லய்யா நான்! என் பொண்டாட்டி கன்னத்தை மோந்து பார்த்துட்டு, எத்தனை வருஷமா இந்தப் பழக்கம்னு கேக்குறா!”

“வாசனைக்குன்னு தனியா காசு வாங்கினேனா சார்?” என்றார் வானிலை.

கண்ணாடிக்கு முன்னால், தலையை நனைக்கிற தண்ணீர் பாட்டில் நிற்கிறது. காய்ந்த புகையிலையின் மேல் அதைக்கொண்டு நாலு பீச்சு பீச்சிக் கலக்கி மூடி வைத்தாலும் வேலை முடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அவரிடம் சொல்லிப் பாருங்கள். “புகையிலை மேல நேரா தண்ணி தெளிக்கிறவன் மனுஷனே கிடையாது. நனைஞ்ச புகையிலையைப் பத்தவச்சா களகளன்னு தொண்டை கொப்புளிக்கிற சத்தம்தான் வரும். ஆவி நாக்கைப் பொசுக்கிடும்.” இந்தப் பேச்சின்போது கத்தி காதுக்குப் பக்கத்தில் ஆடும் என்பதால் எதிர்வாதம் எழுவதில்லை.

எதிர்வாதம் செய்த ஒரே ஆள் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், பேக்கரி வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுப்புச் சூட்டில் நிற்கிறவருக்குப் புகையிலை சொதசொதவென்று இருந்தால்தான் மனசு ஆறும். இருவரும் பங்கு போட்டு ஒரு டப்பா வாங்குவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பின்படியில் உட்கார்ந்து, ஈரமா வறட்சியா என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, சிரித்துக்கொண்டு பிரிவார்கள். வாரத்தில் மற்ற நாட்கள் வானிலைக்கு அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் விடிந்தன.

கெடுத்தது ஓர் ஆப்பிள் துண்டு. டப்பாவை வீட்டுக்கு எடுத்துப்போன சகலை, ஈரம் ஏறட்டும் என்று ஆப்பிளை நறுக்கி உள்ளே வைத்து மூடினார். வைத்ததோடு மறந்தும் போனார். திறந்தபோது டப்பா முழுக்கப் பூனைக்குட்டி மாதிரி சாம்பல் நிறப் பூஞ்சை. வானிலை வாயை அடக்கியிருக்கலாம். சாப்பாட்டு மேஜையில், அக்கா தங்கை இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, “மாவு பிசையிற கையை டப்பாவுல விட்டது என் தப்பு” என்றார். சகலை பைப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கொடுமை. வேறொரு சலூனில் முடி வெட்டிக்கொண்டு, வானிலையின் கடை வாசல் வழியாகவே நடந்து போனார். பிடரியில் கோடு கோணல். ஒரு கிருதா மேலே, ஒரு கிருதா கீழே. தன் வீட்டு மனுஷனின் தலையில் எவனோ கை வைத்ததைப் பார்த்து வானிலை அன்று சோறு இறங்காமல் கிடந்தார். அழுதார் என்று எழுதினால் சண்டைக்கு வருவார். அழுதார்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் இரண்டு கிண்ணங்கள். ஒன்று அவருக்கு, அளவான வறட்சியோடு. இன்னொன்றின் மேல் காலையிலிருந்தே ஈரத்துண்டு.

“அது யாருக்கு?” என்றார் மனைவி.

“சும்மா ஒரு சோதனை.”

“சோதனை பேக்கரியிலதான் இருக்கு. நாலு எட்டு நடந்து போய்க் கூப்பிட்டா கால் தேஞ்சிடுமா?”

“தப்பு அவன் மேல.”

சாயங்காலம் இரண்டாவது கிண்ணத்தைத் திறந்து, உலர்த்தி, தன்னுடையதில் கொட்டிக்கொள்வார். தனியாகப் புகைப்பார். மறுத்துப் பேச ஆளில்லாமல் பைப் பாதியிலேயே அணைந்துவிடும்.

போன சனிக்கிழமை கதவு திறந்தது. தாடையில் பிளாஸ்திரியோடு சகலை. அந்த இன்னொரு சலூன்காரன் கைவரிசை. சகலை நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஷேவிங்” என்றார், கண்ணாடியிடம்.

வானிலை கொடியிலிருந்த துண்டுகளைப் பார்த்தார். பிறகு இரண்டாவது கிண்ணத்தின் மேலிருந்ததை அவிழ்த்து, வெந்நீரில் முக்கிப் பிழிந்து, பிளாஸ்திரியில் படாமல் சகலையின் முகத்தில் போர்த்தினார். துண்டுக்கடியில் மூச்சு ஒருமுறை நின்று, நீளமாக உள்ளே போனது.

கழுத்தில் கட்டிய போர்வைத் துணிக்கு வெளியே ஒரு கை வந்தது. மாவு காய்ந்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காற்றில் காத்திருந்தன. வானிலை அந்த இரண்டாவது கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து அவற்றின் நடுவே வைத்தார். விரல்கள் அமுக்கின, விட்டன.

“வறட்சி” என்றது துண்டு.

வானிலை, கடையில் வேறு யாரும் இல்லைதானே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கண்ணாடிக்கு முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, கிண்ணத்தின் மேல் பிடித்து, முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரே ஒரு பீச்சு பீச்சினார்.