உரிமம் இல்லாத கை

எங்கள் தெருவில் அவருக்கு வைத்த பெயர் கதவிடுக்கு அக்கா. யார் தட்டினாலும் சங்கிலியைக் கழற்றாமல் கதவை லேசாகத் திறந்து, ஒற்றைக் கண்ணால் ஆளை எடைபோட்ட பிறகுதான் பேசுவார். காரணம் உண்டு. சமையலறையில் நாற்காலி போட்டுப் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அரசாங்க உரிமம் வேண்டும். அக்காவிடம் அது இல்லை.

நான் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்கிறவன். தெருமுனையில் கடை. என் தொழிலுக்கு யாரும் உரிமம் கேட்டதில்லை. அதனால் நான் பிழைத்தேன். என் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் பிழைத்தார்கள். கரண்டில் கை வைக்கிறவனை விட்டுவிட்டு முடியில் கை வைக்கிறவளைத் துரத்துகிறதே, இது என்ன அரசாங்கம் என்று அக்கா என்னிடம் கேட்பார். கேள்வியில் நியாயம் இருந்ததால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

சந்தேகப்படுவதில் அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. புதிதாக வருகிறவளின் முடியைத்தான் முதலில் பார்ப்பார். "முடி ஒழுங்கா இருக்கறவ எதுக்கு முடி வெட்ட வரா? இன்ஸ்பெக்டராத்தான் இருப்பா." இந்தக் கணக்கில் நல்ல முடியுள்ள அப்பாவிகள் பலர் வாசலோடு திரும்பிப் போனார்கள். உள்ளே வந்துவிட்டவர்களுக்கோ உடனே ஓர் உறவு கிடைத்துவிடும். "நீங்க எனக்குச் சித்தி. நீங்க பெரியம்மா. யார் கேட்டாலும் சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்னுதான் சொல்லணும், சரியா?" அந்தச் சமையலறையில் ஒரே நேரத்தில் மூன்று மாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூவரும் சண்டை போடாமல் இருந்தார்கள் என்பதிலேயே எந்த இன்ஸ்பெக்டருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உரிமம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. படிப்பு, கட்டணம், பிறகு தேர்வு. தேர்வு வைக்கிற வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கடைவீதியில் பெரிய சலூன்கள் வைத்திருந்தவர்கள். அக்கா எழுதினார், தோற்றார், மறுபடி எழுதினார், மறுபடியும் தோற்றார். "நான் பாஸானா அவங்களுக்குத்தான் போட்டி. அவங்களே பேப்பர் திருத்தினா விளங்குமா தம்பி?" என்று பொருமுவார். தேர்வில் கேட்கிற மண்டை ஓட்டு எலும்புகளின் பெயர்களை அக்கா படிக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். முடி வெட்ட எலும்பின் பெயர் எதற்கு என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியில் எலும்புகளையும் மனப்பாடம் செய்து பாஸாகிவிட்டார். என் கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு நாற்காலி போட்டு, உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார். கூடவே நாத்தனாரையும் அழைத்து வந்தார். நாத்தனார் அக்கா புருஷனின் தங்கை. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள், வாய் திறந்து பேசாதவள். சமையலறைக் காலத்திலேயே அவளுக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். பெரியம்மாக்களில் சிலர், "உன் நாத்தனாரையே வெட்டச் சொல்லேன்" என்று மெதுவாகக் கேட்கிற அளவுக்கு அவள் கை தேறியிருந்தது. ஆனால் கடைக்கு வந்ததும் சட்டம் சட்டம்தான் என்றார் அக்கா. உரிமம் இல்லாதவள் கத்தரியைத் தொடக் கூடாது. நாத்தனார் தலை அலசினாள், தரை கூட்டினாள். இரண்டாவது நாற்காலி காலியாகவே கிடந்தது.

அப்போதுதான் புது ஆட்சி வந்தது. என் கடை ரேடியோவில் அமைச்சர் பேசினார். முடி வெட்ட இனி உரிமம் வேண்டாம். நல்ல கடைக்கு ஆள் வரும், மோசமான கடை தானாக மூடிக்கொள்ளும், நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றார். இன்ஸ்பெக்டர்களின் சம்பளம் மிச்சம், அதனால் கடை வரியும் குறையும் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"யாருக்குக் காது குத்தறாங்க?" என்றார் அக்கா. "அரசாங்கம் எதையாவது சும்மா விட்டுக்கொடுத்து நீ பார்த்திருக்கியா?"

"அக்கா, இத்தனை வருஷமா நீங்க கேட்டது இதைத்தானே?"

"நான் கேட்டப்பக் குடுக்கல. நான் கஷ்டப்பட்டு வாங்கினப்புறம் எதுக்குக் குடுக்கறாங்க? ஏதோ இருக்கு தம்பி."

ஏதோ இருந்தது. ஆனால் அது அமைச்சரிடம் இல்லை, அந்த அறையிலேயே இருந்தது. அன்றிலிருந்து நாத்தனாரும் முடி வெட்டலாம், யாரும் கேட்க முடியாது. அவள் தினமும் காலையில் வந்து அந்தக் காலி நாற்காலியைத் துடைப்பாள். தூசியே இல்லாத நாற்காலியை அப்படித் துடைப்பதைப் பார்த்து எனக்கே சங்கடமாக இருந்தது. அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள், "அண்ணி, நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த தெருவில் ஒரு முன்னறையைப் பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாள். அக்காவைவிடக் குறைந்த கூலி. பெரியம்மாக்கள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள்.

உரிமத்தை நீக்கியது அப்போதைக்கு வெறும் ஆணைதான். அதை நிரந்தரச் சட்டமாக்கலாமா என்று ஒரு குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்போவதாகச் செய்தி வந்தது. அடுத்த நாளே கடைவீதி சலூன் சங்கத்தின் தலைவி அக்கா கடைக்குள் நுழைந்தாள். அக்காவைத் தேர்வில் தோற்கடித்த வாரியத்தில் இருந்தவளேதான். "உங்களை மாதிரி பாடுபட்டு மேல வந்தவங்க பேசினாத்தான் எடுபடும். உரிமம் திரும்ப வந்தா அடுத்த தெருக் கடையெல்லாம் தானா மூடிடும்" என்று தேன் ஒழுகப் பேசிவிட்டுப் போனாள்.

"முடியைப் பார்த்தியா, எவ்ளோ ஒழுங்கா இருக்கு?" என்றார் அக்கா. அவளை நம்பவில்லை. ஆனாலும் குழுவின் முன்னால் போய்ப் பேச முடிவு செய்தார். நாத்தனார் கடை நீடித்தால் தன் கடை படுத்துவிடும் என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது.

என் வேனில்தான் போனோம். சாட்சி சொல்ல, இன்னும் கட்சி மாறாமல் இருந்த ஒரே வாடிக்கையாளர் கூட வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். அக்கா நன்றாகப் பேசினார். காதோரம் கத்தரி போகிற தொழில் இது, சாயம் தப்பினால் தலைத்தோல் வெந்துபோகும், கை பழகாதவர்கள் தெருவுக்குத் தெரு கடை போட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். தலைவி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தாள்.

பிறகு குழுத் தலைவர் சாட்சியைப் பார்த்து, "அம்மா, நீங்க இவங்ககிட்ட எவ்ளோ நாளா முடி வெட்டிக்கறீங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மாளோ எதிரில் இருந்த கோப்பைப் பார்த்தார், குழுத் தலைவரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பழகிய வாய் தானாகத் திறந்தது. "நான் முடி எல்லாம் வெட்ட வரலீங்க. நான் அவங்க சித்தி. சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்."

அறையே சிரித்தது. குழுத் தலைவர் சிரிக்கவில்லை. "சொந்தச் சித்தியா?"

"அப்படித்தான் சொல்லணும்னு சொல்லியிருக்காங்க."

அதன் பிறகு மூடி மறைக்க எதுவும் மிச்சமில்லை. உரிமம் இல்லாமலே எத்தனையோ வருஷம் சமையலறையில் முடி வெட்டியதை அக்கா ஒப்புக்கொண்டார்.

"அப்ப உங்க கையால யாருக்காவது காயம் பட்டிருக்கா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் பேசியதெல்லாம் எடுபட்டிருக்கும். சங்கத் தலைவி அதைத்தான் கண்ணால் கெஞ்சினாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒருத்தருக்குக்கூட இல்ல. ஒரு கீறல்கூட இல்ல" என்றார்.

"அடுத்த தெருவுல உங்க நாத்தனார் கடை வெச்சிருக்காங்களாமே. அவங்க கை பழகாதவங்களா? யார்கிட்ட கத்துக்கிட்டாங்க?"

"என்கிட்டத்தான். நல்லாத்தான் சொல்லிக்குடுத்தேன்."

குழுத் தலைவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆணை சட்டமாயிற்று. கடை வரி குறைந்தது, அதைவிடக் கூடுதலாக வாடகை ஏறியது. சங்கத் தலைவி இருக்கிறாளே, தொழிலின் தரம் போகிறதே என்று அத்தனை பேருக்கு முன்னால் கண்ணைக் கசக்கியவள், எங்கள் தெருவிலேயே ஒரு கிளை திறந்தாள். கத்தரியே பிடித்திராத பெண்களை அற்பச் சம்பளத்துக்கு அமர்த்தி, பாதிக் கூலிக்கு வெட்ட வைத்தாள். வயிறு எரிந்தது எனக்கு. சந்தையே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நான் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பழைய வாரியத்தையும் நான் புகழ்ந்ததில்லை. இரண்டு இடத்திலும் நாற்காலியில் இருந்தவள் ஒருத்திதானே.

அக்காவுக்கு அது உடனே புரிந்தது. ஒரு நாள் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு நாத்தனார் கடைக்குப் போனார். அங்கே ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. தரையில் ஒரு முடி இல்லாமல் கூட்டியிருந்தது.

"என் கடைக்கே வந்துடு. சம்பளத்துக்கு இல்ல, சரிபாதிப் பங்குக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தா அவ நிக்க மாட்டா" என்றார் அக்கா.

நாத்தனார் கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உரிமம் இல்லன்னு சொன்னீங்க, சரின்னு தரை கூட்டினேன். அப்புறம் உரிமமே வேண்டாம்னுட்டாங்க. நாற்காலியும் சும்மாத்தான் கிடந்துச்சு. அப்ப ஏன் அண்ணி அதுல ஆளை உக்கார வெச்சு என்னை வெட்டச் சொல்லல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சீப்புகளைப் பார்த்தேன்.

"பயந்துட்டேன்டி. உன் கை என் கையைவிட நல்லா இருக்கு. எனக்கு அது அப்பவே தெரியும்."

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, பங்கே இல்லாம உங்ககூடவே இருந்திருப்பேன் அண்ணி" என்றாள். "இப்ப இது என் கடை."

வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். நாங்கள் அவருக்கு வழிவிட்டு வெளியே வந்தோம்.